நம் இலைச் சோறு எங்கிருந்து வருகிறது?

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில், புரட்டாசி பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போது, நமது ஆலயச் செயலவை கூடியது. வழக்கமாக அந்தக் கூட்டத்தில் பேசுவதற்கு அதிகம் இராது. நான்கு சனிக்கிழமைகளுக்கும் அன்னதான உபயக்காரர்கள் யார், சமையலுக்கு யார், வாழை இலை யார் வீட்டிலிருந்து வரும் என்பதோடு முடிந்துவிடும். அவ்வாண்டு மட்டும் இரவு பதினொரு மணி வரை அரிசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

காரணம் வாசகர்கள் அறிந்ததே. உள்நாட்டு வெள்ளை அரிசி கடைகளில் இல்லை. இருந்த கடைகளிலும் ஒருவருக்கு இரண்டு மூட்டைக்கு மேல் தருவதில்லை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பத்துக் கிலோ மூட்டை 26 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டிருந்த நமக்கு, இறக்குமதி அரிசி 38 வெள்ளி என்று கடைக்காரர் சொன்னார். அன்னதானத்தைப் பொறுத்தவரை இது பெரிய இடி அன்று. பத்துக் கிலோவில் எண்பது இலை போடலாம் என்பது நம் சமையற்காரரின் கணக்கு. நானூறு பேருக்கு ஐந்து மூட்டை. கூடுதல் செலவு அறுபது வெள்ளி. உபயக்காரர் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுவார். ஆனால் நமது ஆலயம் மாதந்தோறும் 32 குடும்பங்களுக்கு மளிகைப் பை கொடுத்து வருகிறது. பைக்கு ஒரு மூட்டை அரிசி. அதுவரை 832 வெள்ளியில் முடிந்த அரிசிச் செலவு 1,216 வெள்ளி ஆகிறது. மாதம் 384 வெள்ளிக்கு எங்கே போவது? அரிசியைப் பாதியாகக் குறைப்பதா, குடும்பங்களைக் குறைப்பதா என்று பேச்சு வந்தபோதுதான், மூலையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, அரை மணி நேரம் கார் ஓட்டினால் தஞ்சோங் காராங் வயல். கண்ணுக்கு எட்டிய தூரம் நெல். இங்கே எப்படி அரிசி இல்லாமல் போகும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. அன்று யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நானும் மழுப்பினேன். பிறகு படித்தும் கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வயல் பக்கத்தில், அரிசி தூரத்தில்

வட சிலாங்கூரின் நெல் வயல்கள் தாமாகத் தோன்றியவை அல்ல. கடலோரச் சதுப்பு நிலமாகவும் காடாகவும் கிடந்த பூமியில் 1930-களில் தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கப்பட்டது. பெர்ணாம் ஆற்று நீரை வெட்டுவாய்க்கால் வழியே தெங்கி ஆற்றுக்குத் திருப்பி, அங்கிருந்து வயல்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். சாவா செம்படான், சுங்கை பூரோங், செக்கிஞ்சான், சுங்கை லெமான், பாசிர் பாஞ்சாங், சுங்கை நீப்பா, பஞ்சாங் பெடேனா, பாகான் தெராப் என்று எட்டுப் பகுதிகள். மலாய்க்காரர், ஜாவானியர், பஞ்சாரியர், சீனர் ஆகியோர் பயிரிடுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு போகம். செக்கிஞ்சானின் விளைச்சல் நாட்டின் சராசரியைவிட வெகுவாக அதிகம். இப்போது பச்சை வயலின் முன் நின்று படம் பிடித்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூரிலிருந்து கூட்டம் வருகிறது. அவர்களில் எத்தனை பேர் அந்த அரிசியை உண்கிறார்கள் என்று தெரியாது.

ஆயினும் மலேசியா உண்ணும் அரிசி முழுவதும் இந்நாட்டில் விளைவதில்லை. நல்ல காலத்தில் நூற்றுக்கு எழுபது. அண்மைய ஆண்டுகளில் அதைவிடக் குறைவு. எஞ்சியது வியட்நாம், தாய்லாந்து, பாகிஸ்தான், இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. 1996 முதல் அந்த இறக்குமதிப் பொறுப்பு பெர்னாஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. உரிமம் 2031 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.

இனி 2023-இல் நடந்ததைப் பார்ப்போம். அவ்வாண்டு ஜூலை 20-ஆம் நாள், தன் நாட்டில் விலை ஏறுவதைக் கண்ட இந்திய அரசு, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உலகில் விளையும் அரிசியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நாடு விட்டு நாடு போகிறது. மற்றதை விளைந்த நாடே உண்டுவிடுகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது இந்தியாவுடையது. சந்தைக்கு வரும் ஒரே பெரிய வண்டி நின்றுவிட்டால் மற்ற வண்டிக்காரர்கள் என்ன விலை சொல்வார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. செப்டம்பர் முதல் தேதி பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. நூற்றுக்கு முப்பத்தாறு ஏற்றம்.

இதற்கும் தஞ்சோங் காராங் அரிசிக்கும் என்ன தொடர்பு? உள்நாட்டு அரிசியின் விலையை அரசாங்கம் 2008-ஆம் ஆண்டிலிருந்து கிலோ 2 வெள்ளி 60 காசு என்று கட்டி வைத்திருந்தது. இறக்குமதி அரிசி அதற்கு அருகிலேயே விற்றவரை மக்கள் விருப்பம்போல் இரண்டையும் வாங்கினார்கள். ஒன்று திடீரென ஏறியதும் எல்லாரும் மற்றொன்றின் மேல் பாய்ந்தார்கள். உணவகக்காரர்களும் பாய்ந்தார்கள். உள்நாட்டு அரிசியை இறக்குமதிப் பையில் மாற்றிப் போடுகிறார்கள் என்ற புகார்களும் எழுந்தன. அதிகாரிகள் ஆலைகளிலும் கிடங்குகளிலும் சோதனை நடத்தினார்கள். வயலில் நெல் இல்லாமல் போகவில்லை. கடைத் தட்டில் அரிசி மறைந்தது. இளைஞரின் கேள்விக்கு விடை இதுதான்: அரிசி இருப்பது வேறு, அது நம் கைக்கு எட்டும் விலையில் இருப்பது வேறு. 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. அங்கு மடிந்தவர்கள், நாட்டில் உணவே இல்லாததால் மடியவில்லை. வாங்கும் சக்தி இல்லாததால் மடிந்தார்கள்.

இங்கே ஒரு சொல் விளக்கம். ஆசிரியன் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். 'உணவுப் பாதுகாப்பு' என்று எழுதினால் உணவு கெடாமலும் நஞ்சு கலவாமலும் இருப்பதைச் சொல்கிறார்களா, அனைவருக்கும் உணவு கிடைப்பதைச் சொல்கிறார்களா என்று குழம்புகிறது. பின்னதற்கு நம் வானொலியும் நாளிதழ்களும் 'உணவு உத்தரவாதம்' என்கின்றன. 1996-இல் ரோம் நகரில் கூடிய உலக உணவு மாநாடு அதற்கு வகுத்த பொருளில் போதிய அளவு மட்டும் இல்லை. சத்தும் உண்டு, வாங்க இயலுவதும் உண்டு, மக்களின் விருப்பமும் உண்டு. விருப்பம் என்ற சொல்லை மறவாதிருங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

நம் வட்டாரத்துக்கு இது முதல் முறையும் அன்று. 1918-இல் இந்தியாவில் பருவ மழை பொய்த்தது. பர்மா அரிசி வெளியே போவதற்குக் கட்டுப்பாடு வந்தது. மறு ஆண்டு சயாமும் ஏற்றுமதியைத் தடை செய்தது. மலாயாவில் அரிசிக்குப் பங்கீடு வைத்தார்கள். தோட்ட நிர்வாகங்கள் உணவுப் பயிர் வைக்க வேண்டும் என்று அரசாங்கம் நெருக்கியது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவையும் மலாயாவையும் பிடித்தபோது அரிசிக் கப்பலே நின்றுபோயிற்று. என் பாட்டி தம் கடைசிக் காலம் வரை மரவள்ளிக் கிழங்கைத் தொட மாட்டார். மூன்றரை ஆண்டு அதையே தின்ற நாக்கு என்பார். 2008-இல் மீண்டும் ஒரு நெருக்கடி. தாய்லாந்து அரிசி டன் ஆயிரம் அமெரிக்க டாலரை எட்டியது. உள்நாட்டு அரிசிக்கு விலை கட்டியதும் அந்த ஆண்டில்தான்.

விலையைக் கட்டினால் விவசாயி பாடு என்ன என்று கேட்பவர் உண்டு. சரியான கேள்வி. நெல்லுக்கான குறைந்தபட்ச விலையை 2025-இல் டன்னுக்கு 1,500 வெள்ளியாக உயர்த்தினார்கள். விவசாயிகள் 1,800 கேட்டிருந்தார்கள். நமக்கு அரிசி மலிவாக வேண்டும், அவருக்கு நெல் விலை ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவே யாராவது பணம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

புழுங்கல் அரிசியும் பெரிபெரி நோயும்

இந்தியா 2023 ஆகஸ்டு 25-ஆம் நாள் புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கும் நூற்றுக்கு இருபது வரி விதித்தது. 2024 அக்டோபரில்தான் அது முழுதும் நீங்கியது. மற்ற இனத்தவருக்கு இது சிறு செய்தி. நமக்கு அப்படியன்று. புழுங்கல் அரிசிக்கும் நம் முன்னோருக்கும் இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. நான் ஆசிரியர் பணியில் இருந்தவரை அதை எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிற்று. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களே பெரும்பாலும் பலியானார்கள். அதே மாநிலங்களில், அதே மழையிலும் கொசுக்கடியிலும், அவர்களைவிட மேலான கூலி ஏதும் இல்லாமல் உழைத்த தமிழர்களுக்கு அந்நோய் அரிதாகவே வந்தது. இது ஏன் என்று மருத்துவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன், வேறுபாடு உண்ணும் அரிசியில் இருக்கிறது என்றார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல்.

இதைச் சோதித்துப் பார்த்தவர் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் பலருக்குப் பெரிபெரி கண்டது; 18 பேர் மாண்டார்கள். புழுங்கல் உண்ட 123 பேரில் இருவருக்கே நோய். அவ்விருவரும் நோயோடுதான் உள்ளே வந்தவர்கள். இறந்தவர் எவருமில்லை. 1907-இல் இந்த முடிவு லண்டன் மருத்துவ இதழில் வெளிவந்தது. வாயில்லாப் பிராணிகள்போல் இருந்தவர்களை வைத்துச் செய்த சோதனை. இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. அதன் பின் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் சோதித்து அதை உறுதி செய்தார்கள். தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்துதான் நோயைத் தடுக்கிறது என்றும் காட்டினார்கள். அண்டை நாடான ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் கோழிகளை வைத்து அதற்கு முன்பே இதே தடத்தில் போயிருந்தார். 1929-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அந்தச் சத்தைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். 1936-இல் அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் பிறந்த ஊர், வேடிக்கை பாருங்கள், நெல்லூர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடியில் தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் தெரியாது. அவித்த நெல்லில் குருணை குறையும், பூச்சி எளிதில் பிடிக்காது, சோறு மறுநாள் வரை தாங்கும், நீராகாரத்துக்கு உகந்தது என்பது தெரியும். அதற்காகச் செய்தார்கள், உயிரும் பிழைத்தது. இதை நம் முன்னோர் எல்லாம் அறிந்த ஞானிகள் என்று மேடையில் முழங்குவதற்காகச் சொல்லவில்லை. ஏழை மக்களின் உணவுப் பழக்கத்தை மாற்றச் சொல்பவர்கள், அந்தப் பழக்கம் எதற்காக வந்தது என்று ஒரு முறை விசாரித்துவிட்டுச் சொல்ல வேண்டும். விசாரிக்காததால் வரும் கேட்டை நானே பிறகு செய்தேன்.

லயத்துக் கொல்லை

நான் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தை அருகே ஒரு தோட்டத்து லயத்தில். அவ்வூருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். இந்நாட்டுச் செம்பனை வரலாறும் அங்குதான் பிறந்தது. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் ரந்தாவ் பாஞ்சாங்கில் செம்பனை நட்டுப் பார்த்து, 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் வாணிப முறையில் பயிரிட்டார். அவரே பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசையும் பெற்றார்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு கொல்லை உண்டு. முருங்கை, அகத்தி, வாழை, கத்தரி, வெண்டை, சக்கரவள்ளி, வேலியில் பசலை, ஓரத்தில் மணத்தக்காளி. ஒரு பசு, சில கோழிகள். இது துரையின் தயவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியன்று. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிட ஒதுக்க வேண்டும் என்றது. அதாவது சுமார் 2,700 சதுர அடி. எல்லாத் தோட்டங்களிலும் முழுமையாகக் கொடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்த இடத்தில் அது குடும்பத்தைத் தாங்கியது. அரிசியும் பருப்பும் கருவாடும் தோட்டக் கடையில் கடன் கணக்கில் வரும். சம்பள நாளில் கடைக்காரர் முதலில் பிடித்துக்கொள்வார். கீரைக்கும் காய்க்கும் பாலுக்கும் கணக்கில்லை.

பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்தபோது இது மெல்ல மாறியது. இளங்கன்றுகளைக் கடித்துவிடும் என்று மாடுகளுக்குத் தடை வந்தது. புல்லுக்கு மருந்தடிக்கத் தொடங்கியபின், வரப்பில் முளைத்த கீரையைப் பறிக்க எங்கள் தாய்மார்கள் அஞ்சினார்கள். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை நாடு முழுவதும் முற்றாகத் தடை செய்தது 2020-இல்தான். அதை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பலர் நம் பெண்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போயின. மலிவு விலை வீடு என்பது 650 சதுர அடி. பழைய கொல்லையில் கால்வாசிக்கும் குறைவு. அதிலும் மண் கிடையாது. போன சம்பளத்தைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். சம்பளத்தில் எழுதப்படாத அந்தக் கொல்லையைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை.

கடைத் தட்டின் முன்னால்

இனி விருப்பம் என்ற சொல்லுக்கு வருகிறேன். இன்று கடைத் தட்டில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பது பயனீட்டாளரின் உரிமை. 1969-இல் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் சீனியைப் பற்றியும் பொட்டல உணவைப் பற்றியும் தமிழிலும் எழுதி வந்திருக்கிறது. நாமும் பள்ளிக்கூடத்தில் அதை வாசித்துக் காட்டியவர்கள்தாம். அப்படியிருந்தும் 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு என்றால், இந்தியரில் நூற்றுக்கு முப்பத்தொருவருக்கு நீரிழிவு. நம் பிள்ளைகள் நிலையும் கவலைக்குரியது. கோலாலம்பூர் மலிவு வீடுகளில் யுனிசெஃப் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதிருந்தார்கள். வயிறு காலியாக இல்லை; வயிற்றில் விழுவது சரியில்லை. காலையில் வெறும் சீனி போட்ட வரக்கோப்பியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பதினொரு மணிக்குத் தலையைச் சாய்த்துவிடுவார்கள். ஆரம்பத்தில் சோம்பல் என்று கடிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு விந்தையைக் கவனியுங்கள். நம் தோட்டங்களில் விளையும் செம்பனையின் எண்ணெய் தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளுக்கும் போகிறது. அங்கே ஒரு லிட்டர் 25 ரூபாய்க்குத் தருகிறார்கள். இந்தோனேசிய எண்ணெயும் அதில் உண்டு. அதே கடையில் அரிசி அட்டைக்காரர்களுக்கு அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது, புழுங்கலும் உண்டு. துவரம் பருப்பும் குறைந்த விலையில் உண்டு. இங்கே உதவித்தொகை பெறும் பொருள்களைப் பாருங்கள்: பொட்டல எண்ணெய் கிலோ 2 வெள்ளி 50 காசு, கோதுமை மாவும் சீனியும் நெடுங்காலம் விலைக் கட்டுப்பாட்டில். கோதுமை இந்நாட்டில் விளைவதே இல்லை. எண்ணெய், மாவு, சீனி மூன்றும் சேர்ந்தால் என்ன பலகாரம் வரும் என்பது உங்களுக்கே தெரியும். பருப்புக்கும் கீரைக்கும் அப்படி ஒரு சலுகை இல்லை. ஏழை வீட்டு அடுப்பை விலைப்பட்டியல்தான் நடத்துகிறது என்பது என் கருத்து, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மளிகைப் பை

மளிகைப் பை கொடுக்கும் பணி 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது தொடங்கியது. 2021-இல் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டிய நாள்களில் அது பெருகியது. அன்று அவசரம்; கிடைத்ததை அள்ளிப் போட்டோம். அரிசி, சீனி இரண்டு கிலோ, எண்ணெய், மாவு, உடனடி மீ பொட்டலங்கள், பிஸ்கட், இனிப்புப் பால் டின். அந்தப் பட்டியலே மூன்று ஆண்டுகள் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. 2023-இல் அரிசி விலை ஏறியதால்தான் அதைத் திரும்பிப் பார்த்தோம். ஒரு வகையில் அந்த விலையேற்றத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மீயையும் சீனியையும் எடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் போடலாம் என்று முன்மொழிந்தவன் நான். முட்டையும் நெத்திலியும் போடலாம் என்று ஒருவர் சொன்னார். ஆலயப் பெயரில் தரும் பையில் அசைவமா என்று மற்றொருவர் கொதித்தார். முட்டை சைவமா என்ற விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது; முடிவு எட்டவில்லை. என் தீர்மானம் நிறைவேறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பை எடுத்துக்கொண்டு ஓர் அடுக்குமாடிக்குப் போனேன். கணவரை இழந்த அம்மையார் ஒருவர், தொழிற்சாலை வேலை, இரண்டு பேரப்பிள்ளைகள். அடுக்களையில் நான் கொடுத்த கொண்டைக்கடலைப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் இருந்தன. பக்கத்திலேயே மூன்று சீனிப் பொட்டலங்கள், முந்தைய பைகளில் வந்தவை. "எனக்குச் சீனி வியாதி சார். வேண்டாம்னு சொன்னா கொடுக்கிறதையும் நிறுத்திடுவீங்களோன்னு வாங்கி வெச்சேன்" என்றார். கடலையைப் பற்றிக் கேட்டேன். "ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வர்றேன். இத எப்ப ஊற வெச்சு எப்ப வேக வைக்கிறது? கேஸ் என்ன ஆகும்? புள்ளைங்க பசின்னு நிக்குது, மீன்னா அஞ்சு நிமிஷம்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு, "புழுங்கல் அரிசி இருந்தா கொடுங்க சார். ராத்திரி வடிச்சா காலையில பழையது ஆகும், புள்ளைங்க ஸ்கூலுக்கு வெறும் வயித்தோட போகாது" என்றார்.

மூன்று ஆண்டுகள் பை கொடுத்திருக்கிறோம். ஒரு நாளும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை.

அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னேன். இளைஞர்கள் இருவர் 32 வீடுகளுக்கும் போய்க் கேட்டு எழுதி வந்தார்கள். நீரிழிவு உள்ளவர் இருக்கும் வீடுகள் பத்தொன்பது. சீனி வேண்டாம் என்றவர்கள் பதினேழு. கொண்டைக்கடலை விரைவில் வேகாது. உடைத்த பயறும் மைசூர்ப் பருப்பும் இருபது நிமிடத்தில் வெந்துவிடும், அதைக் கேட்டவர்கள் பலர். கைக்குழந்தை இருந்த ஒரு வீட்டில் இனிப்புப் பாலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை உடனே நிறுத்தச் சொல்லி மருத்துவ நிலையத் தாதியிடம் அனுப்பினோம். முட்டை வேண்டும் என்றவர்கள் இருபத்தெட்டு. அதற்கு நாங்கள் கண்ட வழி, உறுப்பினர் ஒருவர் தம் சொந்தப் பெயரில் மாதம் ஒரு தட்டு முட்டையைத் தனியாகக் கொடுத்துவிடுவது. கணக்குப் புத்தகத்தில் அது இல்லை.

2025 ஆகஸ்டு 31 முதல் அரசாங்கம் வயது வந்த குடிமக்கள் ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் நூறு வெள்ளி போட்டு, அடிப்படைப் பொருள்களில் வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ள விட்டது. வரிசை நீண்டது, கணினி தடுமாறியது, அதெல்லாம் உண்மை. ஆனால் பையைத் திணிப்பதற்கும் தட்டின் முன் நின்று எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் அம்மையாரிடம் கேட்டால் சொல்வார்.

இப்போது நமது பையில் இரண்டு வகை அரிசி உண்டு. வேண்டியதை முன்கூட்டிச் சொல்லலாம். பதினான்கு வீடுகள் புழுங்கல் கேட்டிருக்கின்றன. நீரிழிவுக்காரர்கள் புழுங்கலானாலும் அளவோடுதான் உண்ண வேண்டும் என்று தாதி சொன்னதை ஒரு தாளில் அச்சிட்டு உள்ளே வைக்கிறோம். ஆலயப் பின்புறத்தில் முருங்கை எட்டும் அகத்தி மூன்றும் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை பூசைக்கு வருபவர்கள் கேட்டுவிட்டு ஒடித்துப் போகலாம். புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானத்துக்கு மட்டும் சமையற்காரர் பச்சரிசியை விட மாட்டேன் என்கிறார். புழுங்கல் சோற்றைப் பந்தியில் போட்டால் வந்தவர்கள் குறை சொல்வார்களாம். இந்த ஆண்டு முதல் வாரத்துக்கு ஒரு மூட்டை மட்டும் புழுங்கல் வடித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.